கட்டிலுக்கடியில் ஓர் ஆக்ஸில்

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்துவந்த சாகுல் ஹமீதின் மனைவி சைனம்பு, ஒரு காரின் பின்சக்கரம் எதனால் கழலாமல் நிற்கிறது என்பதைத் தன் ஐம்பத்திரண்டாம் வயதில் கற்றுக்கொண்டாள். அறிவுத் தாகத்தினால் அன்று. கணவரை அந்தக் காரிலிருந்து கீழே இறக்க வேறு வழி அவளுக்குப் புலப்படவில்லை.

சாகுல் ஹமீதுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரே மகள் ஷமாவைச் சென்னையில் கட்டிக்கொடுத்தாயிற்று. தோல் மண்டியும், சரக்கு ஏற்றிச்செல்லும் ஒரு லாரியும் தம் போக்கில் நடந்துகொண்டிருந்தன. இனி மனிதர் ஓய்வாகப் பள்ளிவாசலுக்கும் வீட்டுக்குமாக நடப்பார் என்று உறவினர் யாவரும் எதிர்பார்த்திருந்த வேளையில், அவர் ஒரு பழைய காரை வாங்கிவந்து ஷெட்டில் நிறுத்தினார். பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற அக்காலத்துக் கார் அது. அதன் எஞ்சினைப் பெயர்த்தெடுத்துவிட்டு வேறொரு பெரிய எஞ்சினை வைத்தார். ஓட்டுநர் இருக்கை ஒன்று நீங்கலாக மற்ற இருக்கைகளைக் கழற்றி மண்டியில் போட்டார். பந்தயத்தில் ஓடப்போவதாகச் சொன்னார். யாருடன் என்று சைனம்பு கேட்டாள். கடிகாரத்துடன் என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மையே. நத்தம் சாலையில் ஒரு வீட்டுமனைப் பிரிவு இருந்தது. தார்ச்சாலை போட்டு, ரோஜாத் தெரு, மல்லிகைத் தெரு, முல்லைத் தெரு என்று பெயர்ப்பலகைகளும் நட்டாயிற்று. வீடு மட்டும் ஒன்றும் எழும்பவில்லை. மனை விற்க வழி தேடிய அதன் உரிமையாளர், அந்தத் தெருக்களிலேயே கார்ப் பந்தயம் நடத்தத் தொடங்கினார். ஒவ்வொரு காராகப் புறப்பட்டுத் தெருக்களைச் சுற்றி எல்லைக்கு வரவேண்டும். யார் எடுத்துக்கொண்ட நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை. கூட்டம் வந்தது. வந்தவர்கள் கார்களைப் பார்த்தார்கள். மனைகளை ஒருவரும் பார்க்கவில்லை. ஆயினும் அந்த மனிதர் நம்பிக்கை இழக்காமல் பந்தயத்தை நடத்திக்கொண்டே வந்தார்.

அங்கே பங்குனி மாதத்தில் நடந்த ஓட்டத்தில்தான் சாகுல் ஹமீதின் காரிலிருந்து பின்சக்கரம் ஒன்று பிரிந்து சென்றது. ரோஜாத் தெருவிலிருந்து மல்லிகைத் தெருவுக்குத் திரும்பும் முனையில், சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டு முறிந்தது. பட்டறைகளில் அதனை ஆக்ஸில் என்பார்கள். முறிந்த துண்டோடும் பிரேக் தட்டோடும் வெளியேறிய சக்கரம், காரை முந்திக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரனின் கிணற்றில் விழுந்தது. கோட்டருகே வைத்திருந்த கருவி சக்கரத்தின் நேரத்தைப் பதிவுசெய்துகொண்டது. அன்று அதைவிட விரைவாக எல்லையைத் தொட்டது வேறொன்றும் இல்லை. நடுவர்கள் சிறிது நேரம் கலந்து பேசி, கார் கூடவே வராததனால் அந்த நேரத்தை ஏற்பதற்கில்லை என்று முடிவு கூறினார்கள்.

கார் வயிற்றால் இழைந்து சென்று ஒரு மனைக்கல்லில் முட்டி நின்றது. சாகுல் ஹமீதுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓட்டத்தை யாரோ படம்பிடித்து அனுப்ப, அது ஊர் சுற்றி, சென்னையிலிருந்த ஷமா வழியாகச் சைனம்புவின் கைப்பேசிக்கு வந்துசேர்ந்தது. முதல் முறை பார்த்தபோது அவள் சக்கரத்தைப் பார்த்தாள். இரண்டாம் முறை, சக்கரம் போன பிறகு காருக்குள் அங்குமிங்கும் மோதுண்ட மனிதரைப் பார்த்தாள்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்றாள். குற்றம் தம்முடையதன்று, ஆக்ஸிலுடையது என்றார் அவர். பேச்சு இரண்டு நாள் நீடித்தது. முடிவில் அவள் ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தாள்.

"இன்னொரு தடவ சக்கரம் கழண்டுச்சுன்னா, அன்னைக்கே வித்துறணும். ஒரு பேச்சும் பேசக் கூடாது."

சாகுல் ஹமீது அல்லாஹ்வின்மேல் ஆணையாக ஒப்புக்கொண்டார்.

கார் புறவழிச் சாலையில் உள்ள நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போயிற்று. நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்துக்காரர், லாரிகளின் பின்பாகத்தையே தம் வாழ்க்கையாகக் கொண்டவர். உடைப்புக்கு வந்த ஒரு பழைய ஜீப்பின் பின் அச்சு முழுவதையும் எடுத்து, வெட்டிச் சுருக்கி, இந்தக் காருக்குப் பொருத்தினார். வேலை முடிந்ததும் சாகுல் ஹமீது அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். சைனம்புவுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும், அவள் மனம் தெளியவேண்டும் என்பது அவர் எண்ணம்.

நாச்சிமுத்து தேநீரைக் குடித்துவிட்டு, பழைய காரில் இருந்தது செமி ஃப்ளோட்டிங் என்று தொடங்கினார். அதில் சக்கரம் நேராக ஆக்ஸிலின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கும். வண்டியின் எடையைச் சுமப்பதும் ஆக்ஸில், சக்கரத்தைச் சுழற்றுவதும் ஆக்ஸில். இரண்டு வேலையையும் ஒருவனே பார்த்தால் ஒரு நாள் இடுப்பு ஒடியும். ஒடிந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. இப்போது போட்டிருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங். இதில் ஆக்ஸில் ஒரு கனத்த இரும்புக் கூட்டுக்குள் இருக்கும். அந்தக் கூட்டின் முனையில் இரண்டு பேரிங்குகள், அவற்றின்மேல் ஹப், ஹப்பில் சக்கரம். எடை முழுவதும் கூட்டின்மேல் இறங்கிவிடும். ஆக்ஸில் உள்ளே சும்மா மிதந்துகொண்டு, சுழற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும்.

சைனம்பு சிறிது யோசித்தாள். அவள் பெருநாளுக்கு மூன்று தேக்சா பிரியாணி ஆக்குகிறவள்.

"தேக்சாவ அடுப்பு சொமக்குது. அகப்ப கிண்ட மட்டுந்தான் செய்யிது. அப்படித்தானே?"

"அதேதானுங்க அக்கா. அகப்ப ஒடஞ்சாலும் தேக்சா கவுறாதுங்க."

சாகுல் ஹமீதுக்கு உற்சாகம் பிறந்தது. இதில் வேறொரு நன்மையும் உண்டு என்று அவர் குறுக்கே புகுந்தார். பழைய அச்சில், வேகமாகத் திரும்பும்போது ஆக்ஸில் நூலளவு வளையும். அதோடு பிரேக் தட்டும் சாய்ந்து, இருபுறமும் பிடிக்கவேண்டிய கட்டைகளை அப்பால் தள்ளிவிடும். அடுத்த திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் கால் பாதி தூரம் வெறுமனே இறங்கும். பந்தயத்தில் அந்தப் பாதி தூரத்துக்குள் எதுவும் நடக்கலாம். இதிலோ தட்டு சாயாது. பிரேக் எப்போதும் காலடியில் கெட்டியாக நிற்கும். பழைய பிரேக்கில் கால் வெறுமனே இறங்கிய செய்தியைத் தன்னிடம் இதுநாள்வரை சொல்லாமல் விட்டதற்காகச் சைனம்பு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவள் நாச்சிமுத்துவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அந்த ஆக்ஸில முழுசா உருவி எடுத்துட்டா?"

"எடுத்துட்டாலும் வண்டி நாலு கால்ல அப்படியே நிக்குமுங்க. ஜாக்கி கூட வேண்டாம். வெளிய இருக்கற எட்டு போல்ட்டக் கழட்டி உருவிக்கலாம். எஞ்சின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. லாரியில எல்லாம் இதுதானுங்க."

சைனம்பு தலையசைத்தாள். அவள் மனம் தெளிந்துவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததில் பிழையில்லை.

ஏனெனில், லாரியில் எல்லாம் இதுதான் என்பது அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவளுக்குத் தெரிந்த செய்தி. அவளுடைய மாமனார், ஓட்டுநர் குடித்துவிட்டு வந்தால் வைவதில்லை, அடிப்பதில்லை. லாரியின் ஆக்ஸிலை உருவிவந்து தம் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வார். போதை தெளிந்தபின் ஓட்டுநர் வீட்டுக்கு வந்து, சலாம் சொல்லி, ஆக்ஸிலைத் தோளில் வாங்கிக்கொண்டு போவான். அவர் காலமானபின் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை நடந்தபோது, பங்கு தீர்மானமாகும்வரை லாரியின் ஆக்ஸில் ஜமாஅத் தலைவர் வீட்டில் இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு ஆக்ஸில்களில் ஒன்றை எடுத்தால் போதும். இரண்டு பக்கமும் செல்லவேண்டிய விசை, எதிர்ப்பில்லாத வெற்றுப் பக்கம் பார்த்து ஓடிவிடும். இது பேகம்பூரில் லாரி வைத்திருந்த குடும்பங்கள் அனைத்துக்கும் தெரிந்த ஒழுங்கு. அதில் ஒளிவுமறைவோ வஞ்சகமோ இருப்பதாக யாரும் எண்ணியதில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று ஊர்ஜிதமானதும், வெள்ளிக்கிழமை சாகுல் ஹமீது ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, அவள் லாரி ஓட்டுநர் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டனுப்பினாள். காரின் ஆக்ஸில் ஒன்றை உருவித் தரச்சொன்னாள். ஆண்டிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. பாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றான். முன்பொரு சமயம் அவனுக்காக உருவியபோது யாரிடம் சொல்லிவிட்டு உருவினார்கள் என்று சைனம்பு கேட்டாள். ஆண்டிச்சாமி ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனான்.

வலப்பக்கத்து ஆக்ஸில் சிரமமின்றி வந்தது. எண்ணெய் வழியாமலிருக்க, ஹப்பின் வாயில் பால் பாக்கெட்டின் உறையைக் கவிழ்த்துச் சணலால் இறுகக் கட்டினான். அதன்மேல் பளபளக்கும் சக்கர மூடியைப் பொருத்தினான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சைனம்பு ஆக்ஸிலைப் பழைய துணியால் துடைத்து, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில் தள்ளினாள். தொழுகை முடிந்து வந்தவருக்கு மீன் ஆணம் ஊற்றிச் சோறு போட்டாள். அவர் வெஞ்சனத்தைப் பாராட்டிச் சாப்பிட்டார்.

அவள் கணக்கு இதுதான்: ஞாயிறு காலையில் எஞ்சின் ஓடும், கார் நகராது. நாச்சிமுத்து வந்து பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். சண்டை வரும், வரட்டும். சண்டை போடுவதற்கு மனிதர் முழுதாக இருப்பார்.

ஞாயிறு விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, சாகுல் ஹமீது பிஸ்மி சொல்லிக் காரைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது. கியரைப் போட்டார். கார் நகர்ந்தது. நகர்ந்து, ஷெட்டை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற சைனம்புவைக் கடந்து, தெருமுனையில் திரும்பி மறைந்தது. போகும்போது அவர் அவளுக்குக் கைகாட்டினார். அவளும் கைகாட்டினாள், கை தானாக எழுந்ததே தவிர, அவள் எழுப்பவில்லை.

லாரியைக் கழுவிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியும் அதைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். இருவரும் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். ஆக்ஸில் இருந்தது.

"சத்தியமா உருவுனேன் பாயம்மா. இந்தா கெடக்குல்ல."

"கெடக்குறது எனக்கும் தெரியிதுப்பு. அப்பறம் எப்படிப் போகுது?"

ஆண்டிச்சாமிக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டு லாரி ஓட்டியவன் அவன். ஓர் ஆக்ஸில் இல்லாத வண்டி நகர்ந்து அவன் கண்டதில்லை. சைனம்புவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. நிற்கவேண்டிய கார் ஓடுகிறது. ஓடக்கூடாத நிலையில் ஓடுகிற கார் எங்கே போய் என்ன செய்யும் என்பதை யார் சொல்லமுடியும்? அவர் கைப்பேசி மேசைமேல் இருந்தது. பந்தயத்துக்குப் போகும்போது அவர் அதைக் கொண்டுபோவதில்லை. சக்கரம் கழலாமல் பிழைத்துக்கொள்ளட்டும் என்று புது அச்சு போட்டார்கள். அதிலும் பாதியைத் தன் கையாலேயே பிடுங்கிவைத்துவிட்டு அவரை அனுப்பியிருக்கிறாள்.

அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு லாரியில் ஏறினாள். ஆக்ஸில் சாக்கோடு அவள் மடியில் கிடந்தது. ஆண்டிச்சாமி நத்தம் சாலையில் அன்று ஓட்டிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை.

மனைப் பிரிவுக்குள் நுழைந்தபோது ஓட்டம் தொடங்கியிருந்தது. நிலக்கோட்டையில் பூ வண்டிகள் வைத்திருக்கும் முகேஷ்குமாரின் கார் அப்போதுதான் எல்லையைத் தொட்டுப் புழுதி கிளப்பியது. சைனம்பு வரிசையில் கணவரின் காரைத் தேடினாள். அது வரிசையின் தலையில், கொடிக்காரனுக்கு முன்னே நின்றது. கம்பித் தடுப்புக்கு இப்பால் நாச்சிமுத்து நின்றிருந்தார். அவள் அவரிடம் போய், மூச்சை அடக்கி, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒரு ஆக்ஸில் இல்லாம வண்டி ஓடுமா?"

"ஓடாதுங்க அக்கா. அன்னைக்கே சொன்னனுங்களே."

"ஓடுனா?"

நாச்சிமுத்து அவளையும், அவள் தோளில் சாய்ந்திருந்த சாக்கு மூட்டையின் நீளத்தையும் பார்த்தார். மற்ற வண்டிகளில் ஓடாது, இந்த வண்டியில் ஓடும் என்று மெதுவாகச் சொன்னார். பந்தயக் கார் திரும்பும்போது உட்புறச் சக்கரம் தரையை விட்டெழும்பி வீணாகச் சுழலும். அதனால் விசை போய்விடும். அப்படி ஆகாதிருக்க, இரண்டு பக்கத்துக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரங்களைத் தாம் வெல்டு வைத்து ஒன்றாக்கிவிட்டதாகவும், இனி அவை பிரித்துக்கொடுக்கமாட்டா, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மறுபக்கமே வண்டியை இழுத்துக்கொண்டு போகும் என்றும் விளக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் எடுப்பதைப் பற்றி அக்கா அன்று கேட்கவில்லை. ஆகையால் தாம் சொல்லவில்லை என்றார்.

"உசுருக்கு ஏதும் ஆயிருமா?"

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. சக்கரம் கூட்டு மேல நிக்குது, அது எங்கயும் போகாது. வண்டிதான் ஒரு பக்கமா இழுக்கும்." அவர் தடுப்பைத் தாண்டக் காலெடுத்தார். "நிறுத்திச் சொல்லிட்டு வரட்டுங்களா?"

கொடி இறங்கியது.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் நெடுநாள் அதைப் பேசினார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதெல்லாம் கார் வலப்புறம் மூக்கைத் திருப்பியது. காலை எடுத்தபோதெல்லாம் இடப்புறம் சாய்ந்தது. வலத்திருப்பங்களில் அவர் கேட்டதற்கு மேலேயே திரும்பியது. இடத்திருப்பங்களில் கேட்டது காதில் விழாததுபோல் நேராகப் போயிற்று. ரோஜாத் தெருவின் பெயர்ப்பலகை சாய்ந்தது. எல்லை குறித்து வைத்திருந்த சிவப்புக் கூம்புகளில் பல காரின் அடியில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தன. சைனம்பு சாக்கை ஆண்டிச்சாமியிடம் கொடுத்து லாரிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினாள். கார் எல்லைக்கு வந்துசேர்ந்தது. அன்று வந்த கார்கள் அனைத்திலும் அதுவே கடைசி.

சாகுல் ஹமீது இறங்கிவந்து நிழலில் கிடந்த நாற்காலியில் அமர்ந்தார். காரைத் திட்டவில்லை. சாலையைத் திட்டவில்லை. மனைவி எப்படி அங்கே வந்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. வண்டியைப் பார்க்கட்டுமா என்று நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, வேண்டாமென்று கையசைத்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல நாச்சிமுத்து. ஆளுதான் பழசாயிட்டேன்."

முகேஷ்குமார் ஆறுதல் சொல்ல வந்து, அந்த எஞ்சினைத் தாம் எப்போதும் விரும்பியதாகச் சொல்லி, வண்டியைக் கொடுக்கிற எண்ணம் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார். சாகுல் ஹமீது வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டம் உண்டு, இரண்டாவது ஓட்டம் மீதி இருந்தது. அதற்குத் தம் பெயரை அடித்துவிடச் சொன்னார்.

பங்குனியிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் சைனம்பு கையேந்திக் கேட்டது இதைத்தான். கேட்டபடியே கிடைத்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். ஆக்ஸிலை வேலிக்கு அப்பால் ஈஸ்வரனின் கிணற்றில் போட்டுவிட்டால் விஷயம் அடியோடு முடிந்துபோகும்.

அப்போது சாகுல் ஹமீது, எதிரே கட்டியிருந்த பெரிய துணி விளம்பரத்தைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றார். மனை வாங்குவோருக்குக் கிணறு இலவசம் என்று எழுதியிருந்தது. அது அவருக்குத் தெரியாததன்று. போன முறை வந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தவரே அவர்தாம். இப்போது கண்ணை இடுக்கிப் பார்த்து, எழுத்து ஆடுகிறது என்றார். காதும் சரியில்லையோ என்றார். தேநீர்க் குவளையை இரண்டு கைகளாலும் வாங்கினார். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தரை மணிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. போகிற போக்கைப் பார்த்தால் மாலைக்குள் அவருக்கு ஊன்றுகோல் வாங்கவேண்டியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அவரைக் காரிலிருந்து இறக்கத்தான் அவள் விரும்பினாள். இவ்வளவு தூரம் கீழே இறக்க விரும்பவில்லை.

"என்னங்க," என்றாள். "வண்டில ஒரு ஆக்ஸில் இல்ல."

அவர் குவளையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எங்க இருக்கு?"

"லாரில."

"யாரு உருவுனா?"

ஆண்டிச்சாமிக்கு இருமல் வந்தது. அவன் சற்றுத் தள்ளிப் போய் இருமினான்.

"நான்தான். ஜும்மா நேரத்துல."

"ரெண்டு நாளா எங்க வச்சிருந்த?"

"நம்ம கட்டிலுக்கு அடியில."

வரப்போகிற சொற்களுக்காகச் சைனம்பு தலைகுனிந்து நின்றாள். நாச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். பிறகு சாகுல் ஹமீது அவரை நோக்கித் திரும்பி, மிகுந்த நிதானத்துடன் கேட்டார்.

"அப்ப ஒத்த ஆக்ஸில்லயா இம்புட்டு நேரத்துல வந்தேன்?"

"ஆமாங்க பாய்."

"பரவால்லயே."

அவர் தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முகேஷ்குமாரைக் கூப்பிட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று அறிவித்தார். அடித்த பெயரை மீண்டும் எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் கோபத்தை எதிர்பார்த்திருந்த சைனம்புவுக்கு, அந்தக் கோபம் ஒழுங்காக வந்திருந்தாலே தேவலை என்று தோன்றியது.

நாச்சிமுத்து காருக்கடியில் ஜாக்கி வைக்கவில்லை, சக்கரத்தைக் கழற்றவுமில்லை. மூடியை நெம்பி எடுத்தார். பால் உறையைப் பார்த்து, கட்டியிருந்த விதம் நன்றாக இருக்கிறதென்று ஆண்டிச்சாமியிடம் சொன்னார். ஆக்ஸிலைக் கூட்டுக்குள் செலுத்தி, பற்கள் பொருந்தும்வரை மெல்லத் திருகி, உள்ளே தள்ளினார். எட்டு போல்ட்டுகளையும் முடுக்கினார். இந்த அச்சின் அருமை பந்தயக்காரர்களுக்கு இதில்தான் தெரியும், ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளியிலேயே மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே செய்தார். சைனம்பு குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தாள்.

இரண்டாம் ஓட்டத்தில் கார் வேறு காராக இருந்தது. ரோஜாத் தெருவைக் கோடு கிழித்தாற்போல் கடந்தது. கூட்டத்தில் சிலர் விசிலடித்தார்கள். பழைய சக்கரம் கழன்ற அதே முனை வந்தபோது சைனம்பு கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கார் அதைத் தாண்டியிருந்தது. முல்லைத் தெருவின் வளைவிலிருந்து அவர் முழு விசையும் கொடுத்து நிமிர்ந்த தறுவாயில், டக் என்று ஓர் ஓசை கேட்டது. பெரிய ஓசையன்று, காய்ந்த மிளார் ஒன்றை முழங்காலில் வைத்து ஒடித்தது போன்றது. நாச்சிமுத்துவின் முகம் மாறியது. கார் ஒரு கணம் இடப்புறம் இழுத்தது, பிறகு நேராயிற்று, சற்றே தளர்ந்த வேகத்தில் எல்லையைத் தாண்டியது.

சக்கரங்கள் நான்கும் காருடனேயே வந்தன.

கடைசி இடத்திலிருந்து அவர் நடுவிடத்துக்கு உயர்ந்திருந்தார். கோப்பைக்கு அது போதாது. முகத்துக்குப் போதுமானதாக இருந்தது. கடைசியில் சற்று இழுத்ததே, என்ன என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். நாச்சிமுத்து இம்முறை இடப்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி ஆக்ஸிலை உருவினார். பாதிதான் வந்தது. மறுபாதி உள்ளேயே இருந்தது. முறிந்த முனையைச் சூரியனுக்குக் காட்டித் திருப்பிப் பார்த்தார். கரும்புக் கணுவைத் திருகி ஒடித்ததுபோல் இரும்பு முறுக்கிக்கொண்டிருந்தது.

முதல் ஓட்டத்தில் இரண்டு பேர் இழுக்கவேண்டிய வண்டியை இது ஒன்றே இழுத்திருக்கிறது, அப்போதே உள்ளுக்குள் நொந்துபோயிருக்கும், இப்போது போய்விட்டது என்றார். பழைய அச்சாக இருந்தால் சக்கரம் இந்நேரம் கிணற்றில் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"அப்ப இத ஒடச்சது நானா?" என்றாள் சைனம்பு.

"அப்படி ஒரேயடியாச் சொல்ல முடியாதுங்க அக்கா. பாயும் கொஞ்சம் மிதிச்சாருங்க."

சாகுல் ஹமீது முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். தம்மை விழத்தட்டவேண்டிய ஒன்று நடந்து முடிந்ததும், அது நடந்ததே தமக்குத் தெரியாமல் தாம் என்னவென்று கேட்டுக்கொண்டு இறங்கியதும் அவருக்கு விளங்கின. அவர் மனைவியைப் பார்த்தார். பேச்சில் வெற்றிக் களிப்பு இல்லை. உண்மையிலேயே விடை வேண்டியவராகத்தான் கேட்டார்.

"கழண்டா விக்கணும்னு சொன்ன. கழண்டுச்சா?"

சைனம்பு காரைச் சுற்றிவந்து இடப்பக்கத்துச் சக்கரத்தின் முன் நின்றாள். இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கினாள். செருப்புக் காலால் ஓர் உதை கொடுத்தாள். உள்ளே ஆக்ஸில் இல்லாத அந்தச் சக்கரம், காரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அவள் பயந்த காரியம் அவள் கையாலேயே நடந்து, ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லாமல் முடிந்திருந்தது. சொன்ன சொல்லை மாற்றிப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"கழலல," என்றாள்.

பிறகு நாச்சிமுத்துவிடம் திரும்பினாள்.

"ரெண்டையும் உருவிட்டா, இந்த வண்டி நகருமா?"

நாச்சிமுத்து அவசரப்படாமல் யோசித்தார். முன்பு ஒரு முறை யோசிக்காமல் விடை சொன்னதன் பலனை அவர் அன்று காலை முழுவதும் பார்த்திருந்தார்.

"நகராதுங்க. வெல்டு வச்சிருந்தாலும் நகராதுங்க."

"அப்ப ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும். ஓட்டம் இருக்குற அன்னைக்குக் காலையில கேட்டு வாங்கிக்கங்க. குடுக்குற மாதிரி இருந்தாக் குடுப்பேன்."

சாகுல் ஹமீது ஆண்டிச்சாமியைப் பார்த்தார். ஆண்டிச்சாமி, இதில் தனக்கு அனுபவம் உண்டு, அவ்வளவு கஷ்டமாக இராது என்பதுபோல் தலையசைத்தான்.

கார் லாரியில் ஏறி வீடு திரும்பியது. புதன்கிழமை நாச்சிமுத்து இரண்டு புதிய ஆக்ஸில்களைக் கொடுத்தனுப்பினார். சாகுல் ஹமீது அவற்றை எண்ணெய் போகத் துடைத்து, தனித்தனிச் சாக்கில் சுற்றி, குனிந்து, கட்டிலுக்கடியில் அவள் படுக்கும் பக்கமாகத் தாமே வைத்தார். அடுத்த ஓட்டம் ஐப்பசியில் வருகிறது என்று, அங்கிருந்து எழுந்திராமலே சொன்னார்.

ஐப்பசி மழை எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சைனம்பு கூறினாள்.